கான் விழாவுல "போட்டி"ன்னா எது? வருஷா வருஷம் நம்ம படம் போகுதே, அப்புறம் என்ன 30 வருஷக் கணக்கு?

மாலைக்காட்சி:

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா மண்டைய குடையற சந்தேகம், தெரிஞ்சவங்க கொஞ்சம் பொறுமையா சொல்லுங்க.

2024ல பாயல் கபாடியாவோட 'ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்' பிரான்ஸ்ல நடக்கற கான் பட விழாவுல கிராண்ட் ப்ரீங்கற பரிசு வாங்கினப்போ எல்லா நியூஸ்லயும் "30 வருஷத்துக்கு அப்புறம் போட்டிப் பிரிவுல ஒரு இந்தியப் படம்"னு போட்டாங்க. எனக்கு அது அப்பவே இடிச்சுச்சு. ஏன்னா 2012ல 'கேங்ஸ் ஆஃப் வாசிப்பூர்' கான் போச்சு, 2013ல 'லஞ்ச்பாக்ஸ்' போச்சு, 2015ல 'மசான்' போயி பரிசே வாங்கிட்டு வந்துச்சு, இதெல்லாம் நானே படிச்சு சந்தோஷப்பட்ட நியூஸ் தானே? அப்போ இதெல்லாம் எங்க போச்சு? அது வேற கானா?

இன்னொன்னு, வருஷா வருஷம் மே மாசம் வந்தா போதும், யார் யாரோ கோட்டு போட்டுட்டு அந்த சிவப்பு கம்பளத்துல நிக்கற போட்டோ வருது, கீழ "கான்ல எங்க படம்"னு போட்டிருக்கும், போஸ்டர்ல ரெண்டு பக்கமும் இலை வச்ச அந்த லோகோ இருக்கும். எது நிஜமாவே போட்டில கலந்துகிட்டது, எது சும்மா போயிட்டு வந்ததுன்னு எப்படி கண்டுபிடிக்கறது?

அப்புறம் அந்த கிராண்ட் ப்ரீங்கறது முதல் பரிசா ரெண்டாவதா? பேர பாத்தா அதுதான் பெருசு மாதிரி இருக்கு. என் தம்பி கிட்ட "முதல் பரிசு"ன்னு அடிச்சு பேசிட்டேன், அவன் இல்லன்னு சாதிக்கறான்.

---

நடுவரிசை:

நல்ல கேள்விங்க, இத நிறைய பத்திரிகைகளே குழப்பித்தான் எழுதறாங்க, அதனால நீங்க குழம்பினதுல தப்பே இல்ல.

முதல்ல தம்பி விஷயத்த முடிச்சிடுவோம், தம்பி சொன்னது தான் சரி. முதல் பரிசு பாம் தோர், அதாவது தங்கப் பனை ஓலை. கிராண்ட் ப்ரீ அதுக்கு அடுத்தது. ஆனா உங்க மேலயும் குத்தம் சொல்ல முடியாது, ஏன்னா ஒரு காலத்துல கிராண்ட் ப்ரீ தான் முதல் பரிசு. 1946ல முதல் விழா நடந்தப்போ பாம் தோரே கிடையாது. அந்த வருஷம் கிராண்ட் ப்ரீய 11 படத்துக்கு பகிர்ந்து குடுத்தாங்க, அதுல ஒன்னு சேதன் ஆனந்தோட 'நீச்சா நகர்'. பாம் தோர் வந்தது 1955ல. நடுவுல 1964ல அத நிறுத்திட்டு மறுபடி கிராண்ட் ப்ரீன்னே குடுத்தாங்க, 1975ல திரும்ப பாம் தோருக்கு வந்துட்டாங்க. அதனால பழைய படத்தோட விவரத்துல கிராண்ட் ப்ரீன்னு பாத்தா எந்த வருஷம்னு பாத்துக்கணும், அப்ப அது முதல் பரிசாவும் இருக்கலாம், ரெண்டாவதாவும் இருக்கலாம்.

இப்ப பெரிய கேள்வி. கான்னு நாம ஒரே வார்த்தைல சொல்றது உண்மைல ஒரே ஊர்ல ஒரே சமயத்துல பக்கத்து பக்கத்துல நடக்கற பல விஷயம். திருவிழா அன்னிக்கு கோயிலுக்குள்ள கச்சேரி ஒன்னு, தெருவுல நாடகம் ஒன்னு, மண்டபத்துல பட்டிமன்றம் ஒன்னுன்னு நடக்கும்ல, வந்தவங்க எல்லாரும் "திருவிழாவுக்கு போனேன்"னு தான் சொல்லுவாங்க, அந்த மாதிரி.

நடுவுல இருக்கறது தான் போட்டி. வருஷத்துக்கு இருபத்து சொச்சம் படம் தான், 2024ல 22. பாம் தோர், கிராண்ட் ப்ரீ, ஜூரி பரிசு, டைரக்டர், நடிகர், நடிகை, திரைக்கதை எல்லாம் இந்த இருபத்து சொச்சத்துக்குள்ள மட்டும் தான். அதே விழா நடத்தறவங்க 1978ல ஆரம்பிச்ச இன்னொரு செக்‌ஷன் அன் செர்தெய்ன் ரிகார், அதுக்கு தனி ஜூரி, தனி பரிசு. 'மசான்' இருந்தது இங்க. இது போக போட்டிக்கு வெளில காட்டறது, நள்ளிரவு காட்சி, பழைய படத்த சரி பண்ணி காட்டற கிளாசிக்ஸ், மாணவர்கள் படத்துக்கான சினெஃப், இத்தனையும் சேர்ந்தது தான் "அதிகாரபூர்வ தேர்வு".

இப்ப குழப்பம் ஆரம்பிக்கற இடம் இதுதான். கிரிட்டிக்ஸ் வீக்னு ஒன்னு இருக்கு, அது 1962லேர்ந்து பிரான்ஸ் விமர்சகர்கள் சங்கம் நடத்தறது, ஒரு டைரக்டரோட முதல் படமோ ரெண்டாவது படமோ மட்டும் தான் எடுப்பாங்க. டைரக்டர்ஸ் ஃபோர்ட்நைட்னு ஒன்னு, 1968ல பிரான்ஸே போராட்டத்துல நின்னு போயி விழாவ பாதில நிறுத்தினாங்க பாருங்க, அந்த சூட்டோட 1969ல டைரக்டர்கள் சங்கமே தனியா ஆரம்பிச்சது. இந்த ரெண்டும் கான் ஊர்ல அதே நாள்ல தான் நடக்கும், ஆனா படத்த தேர்ந்தெடுக்கற ஆளுங்களே வேற. 'லஞ்ச்பாக்ஸ்' கிரிட்டிக்ஸ் வீக், 'வாசிப்பூர்' டைரக்டர்ஸ் ஃபோர்ட்நைட். அதனால நீங்க படிச்ச நியூஸ் எதுவும் பொய் இல்ல, அந்த 30 வருஷக் கணக்கும் பொய் இல்ல. நடுவுல இருக்கற அந்த இருபத்து சொச்சத்துக்குள்ள 1994ல ஷாஜி என். கருணோட 'ஸ்வாஹம்' இருந்துச்சு, அதுக்கப்புறம் 2024 தான்.

பாயல் போன வழிய பாத்தீங்கன்னா இது இன்னும் நல்லா புரியும். 2017ல ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்ல படிக்கறப்போ எடுத்த 'ஆஃப்டர்நூன் க்ளவுட்ஸ்' மாணவர் பிரிவுல. 2021ல 'எ நைட் ஆஃப் நோயிங் நத்திங்' டைரக்டர்ஸ் ஃபோர்ட்நைட்ல, அதுக்கு சிறந்த ஆவணப்படத்துக்கான கோல்டன் ஐ விருது. 2024ல போட்டி. 2025ல அதே போட்டிக்கு ஜூரில ஒருத்தரா உக்காந்துட்டாங்க! எனக்கு அந்த பரிச விட இந்த ஏழெட்டு வருஷப் பயணம் தான் ரொம்ப பிடிச்சது, ஒவ்வொரு படியும் கண்ணுக்கு தெரியுது.

---

குறும்படக்காரன்:

மேல அண்ணன் விழா பக்கம் சொல்லிட்டாரு, அந்த போஸ்டர் பக்கம் நான் சொல்றேன், ஏன்னா நான் அதுல அடிபட்டவன்.

கான்ல விழா நடக்கறப்பவே பெரிய சந்தை ஒன்னு நடக்கும், மார்ஷே து ஃபிலிம்னு பேரு, சுருக்கமா மார்க்கெட்னு சொல்லுவாங்க. உலகத்துல படம் வாங்கறவங்க விக்கறவங்க எல்லாரும் அங்க தான் வருவாங்க. அங்க யாரு வேணும்னாலும் காசு கட்டி தியேட்டர் ஸ்லாட் எடுத்து தன் படத்த போட்டு காட்டலாம், வியாபாரம் பேசறதுக்காக. இதுல தப்பே இல்ல, பெரிய பெரிய கம்பெனியெல்லாம் அப்படித்தான் விக்கறாங்க. ஆனா மார்க்கெட்ல காட்டின படத்த யாரும் "தேர்ந்தெடுக்கல". அதுக்கு எந்த ஜூரியும் கிடையாது. ஊருக்கு வந்து "கான்ல திரையிடப்பட்டது"ன்னு போஸ்டர் ஒட்டுவாங்க, வார்த்தை என்னமோ உண்மை தான், கேக்கறவங்க புரிஞ்சுக்கறது வேற. குறும்படத்துக்கும் இதே மாதிரி காசு கட்டி பதிவு பண்ணி படத்த லைப்ரரில வைக்கற ஏற்பாடு இருக்கு, அதுவும் குறும்படப் போட்டியும் ஒன்னு இல்ல. குறும்படத்துக்கு தனி பாம் தோர் இருக்கு, அதுக்கு ஆயிரக்கணக்குல வர்ற படத்துலேர்ந்து சுமார் பத்து படம் தான் எடுப்பாங்க.

சிவப்பு கம்பளமும் அப்படித்தான் ப்ரோ. யாரோ ஒருத்தர் படத்தோட பிரீமியருக்கு அழைப்பு கிடைச்சா அதுல நடந்து போகலாம், அழகு சாதன கம்பெனி விளம்பரத் தூதரா போறவங்களும் நடக்கறாங்க. போட்டோல இருக்கறவங்களுக்கும் போட்டிக்கும் சம்பந்தம் இருக்கணும்னு அவசியமே இல்ல.

என் கதைய சொல்றேன். நாலு வருஷம் முன்னாடி ஒரு 14 நிமிஷப் படம் எடுத்தேன், நண்பர்கள் எல்லாரும் சேர்ந்து கைக்காசு போட்டு. எடுத்து முடிச்ச ஜோர்ல எங்கெங்க அனுப்பலாம்னு ஆன்லைன்ல தேடினா நூத்துக்கணக்குல விழா. ஒவ்வொன்னுக்கும் நுழைவுக் கட்டணம். பேர்லயே "இன்டர்நேஷனல்" இருக்கு, பெரிய ஊர் பேர் இருக்கு, லோகோ பளபளன்னு இருக்கு. அனுப்பிச்சேன். ஒரு வாரத்துல "உங்க படம் சிறந்த இயக்குநர் விருது வாங்கிருக்கு"ன்னு மெயில். கண்ணுல தண்ணி வந்துடுச்சு, அம்மாவுக்கு போன் பண்ணி சொன்னேன். அப்புறம் தான் கீழ படிக்கறேன், சர்டிபிகேட் பிடிஎஃப் இலவசம், கோப்பை வேணும்னா தனியா காசு. தேடிப் பாத்தா அந்த விழா மாசா மாசம் நடக்குது, எந்த தியேட்டர்லயும் ஒரு படம் கூட போடல, அந்த மாசம் மட்டும் எத்தன பேருக்கு "சிறந்த இயக்குநர்"னு எண்ண முடியல. அம்மா தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க. திருத்தி சொல்ல எனக்கு மனசு வரல, அந்த வலி இன்னும் இருக்கு.

அதனால புதுசா படம் எடுக்கற தம்பி தங்கச்சிங்களுக்கு சொல்றேன், காசு கட்டறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க. போன வருஷம் அந்த விழாவுல படம் எந்த தியேட்டர்ல எத்தன மணிக்கு ஓடுச்சுன்னு அட்டவணை இருக்கா, ஜூரில யாரு யாருன்னு பேர் போட்டிருக்கா, அங்க ஜெயிச்ச படம் அடுத்து எங்க போச்சு. இந்த மூணுல ஒன்னுக்கும் பதில் கிடைக்கலன்னா அந்த காச வச்சிருந்து அடுத்த படத்துக்கு ஒரு நல்ல மைக் வாங்குங்க.

---

மாலைக்காட்சி:

நடுவரிசை சார், ரொம்ப நன்றி, தம்பிகிட்ட தோத்துட்டேன்னு சொல்லிட்டேன். குறும்படக்காரன், உங்க அம்மா விஷயம் படிச்சு மனசு கஷ்டமா போச்சு, படம் எங்கயாவது இருந்தா லிங்க் போடுங்க, நாங்க பாக்கறோம்.

அடுத்த சந்தேகம். அந்த ஜூரின்னா யாரு? எப்படி முடிவு பண்றாங்க? மார்க் போடுவாங்களா? நியூஸ்ல "எட்டு நிமிஷம் எழுந்து நின்னு கைதட்டினாங்க"ன்னு போடறாங்களே, அது கணக்குல வருமா? அப்புறம் 2015ல ஜெயிச்ச 'தீபன்' தமிழ்ல பேசற படம் தானே, அப்போ அத ஏன் நாம நம்ம கணக்குல சேர்க்கல?

---

சப்டைட்டில் ரசிகை:

'தீபன்' பேர பாத்ததும் ஓடி வந்துட்டேன் :) முதல்ல ஜூரி, அப்புறம் தீபன்.

கைதட்டல் கணக்குல வராதுங்க. அது பிரீமியருக்கு வந்த கூட்டம் தட்டறது, படக்குழு அங்கயே நிக்கறாங்க, கேமரா அவங்க முகத்துக்கு கிட்ட போகுது, தட்டத்தான் செய்வாங்க. முடிவு பண்றது ஒன்பது பேர், அதுல ஒருத்தர் தலைவர். 2024ல கிரெட்டா கெர்விக், 2025ல ஜூலியட் பினோஷ். டைரக்டர், நடிகர், எழுத்தாளர்னு பல நாட்டுக்காரங்க. சுமார் 12 நாளுக்குள்ள போட்டில இருக்கற அத்தனை படத்தையும் தியேட்டர்ல பெரிய திரைல பாக்கணும், நடுநடுவுல கூடிப் பேசுவாங்க. கடைசி நாள் ஊருக்கு மேல இருக்கற ஒரு பங்களாவுல போன எல்லாம் வாங்கி வச்சுட்டு உக்கார வச்சிடுவாங்க, முடிவு எடுத்துட்டு நேரா மேடைக்கு. அன்னிக்கு மதியம் விழாக்காரங்க ஜெயிச்ச படக்குழுவுக்கு போன் பண்ணி "சாயந்தரம் இருங்க"ன்னு மட்டும் சொல்லுவாங்க, என்ன பரிசுன்னு சொல்ல மாட்டாங்க. ஊருக்கு கிளம்பினவங்க பாதி வழில திரும்பி வந்ததெல்லாம் உண்டு.

ஒன்பது பேர் பேசி முடிவு பண்றதுன்னா அது பரீட்ச மார்க் மாதிரி இருக்காது, வீட்டுல கல்யாண விஷயம் பேசி முடிக்கற மாதிரி தான் இருக்கும். நாலு பேருக்கு உயிரா இருக்கற படம் மத்த அஞ்சு பேருக்கு பிடிக்காம போகலாம், யாருக்கும் வெறுப்பு இல்லாத படம் மேல வரலாம். இதுக்கு மேல விதி வேற இருக்கு, அது நிறைய பேருக்கு தெரியாது, ஆனா அத தெரிஞ்சுகிட்டா தான் பரிசு பட்டியல படிக்கவே முடியும்.

1991ல கோயன் சகோதரர்களோட 'பார்ட்டன் ஃபிங்க்' ஒரே படத்துக்கு பாம் தோர், டைரக்டர், நடிகர் மூணையும் குடுத்தாங்க. மத்த படத்துக்கெல்லாம் என்ன மிச்சம்? அதுக்கப்புறம் விதிய இறுக்க ஆரம்பிச்சாங்க, இப்போ பாம் தோரோ கிராண்ட் ப்ரீயோ வாங்கின படத்துக்கு பொதுவா வேற பரிசு சேர்த்து குடுக்க முடியாது. ஜூரி பரிசு வாங்கின படத்துக்கு நடிப்பு விருது சேர்க்கறதுக்கு இடம் இருக்கு, 2024ல 'எமிலியா பெரெஸ்' ஜூரி பரிசு வாங்குச்சு, அதோட நாலு நடிகைகளுக்கும் சேர்த்து சிறந்த நடிகை விருதும் வந்துச்சு. இந்த விதியால யாருக்கு அடின்னா, 2023 பாருங்க. பாம் தோர் 'அனாடமி ஆஃப் எ ஃபால்', கிராண்ட் ப்ரீ 'தி சோன் ஆஃப் இன்ட்ரெஸ்ட்'. ரெண்டுலயும் முக்கிய நடிகை ஒரே ஆள், சாண்ட்ரா ஹ்யூல்லர். அந்த வருஷம் உலகமே அவங்க நடிப்ப பத்தி தான் பேசுச்சு, ஆனா ரெண்டு படமும் மேல போயிட்டதால அவங்களுக்கு நடிகை விருது வர வழி அடைஞ்சு போச்சு. அது துருக்கி நடிகை மெர்வே டிஸ்டாருக்கு போச்சு. அவங்களும் அருமையா பண்ணிருந்தாங்க, அத குறையா சொல்லல. பட்டியல்ல ஒரு பேர் இல்லன்னா அது தோல்வின்னு எடுத்துக்க கூடாதுன்னு தான் சொல்ல வர்றேன்.

பாம் தோர பங்கு போட்டு குடுக்கறதும் இப்ப கிடையாது. 1993ல ஜேன் காம்பியனோட 'தி பியானோ'வும் சென் கைகேவோட 'ஃபேர்வெல் மை கான்க்யூபைன்'னும் சேர்ந்து வாங்குச்சு, 1997லயும் ஒரு தடவ அப்படி ரெண்டு படம். ஜேன் காம்பியன் தான் பாம் தோர் வாங்கின முதல் பெண் டைரக்டர். அடுத்த பெண் வர 28 வருஷம் ஆச்சு, 2021ல ஜூலியா துகூர்னோ. அப்புறம் 2023ல ஜஸ்டின் ட்ரியே. 2025 வரைக்கும் இத்தன வருஷத்துல மூணே பேர். இத எழுதறப்பவே கை கனக்குது.

இப்ப தீபன். ஒரு படம் எந்த நாட்டு படம்னு முடிவு பண்றது மொழி இல்லைங்க, தயாரிப்பு. தீபன் பிரான்ஸ் தயாரிப்பு, டைரக்டர் ழாக் ஓதியார் பிரெஞ்சுக்காரர், அதனால இந்தியக் கணக்குலயும் வராது, இலங்கைக் கணக்குலயும் வராது. ஆனா படத்துல பெரும்பாலும் பேசறது தமிழ். அதுவும் ஈழத் தமிழ். நடிச்சது அந்தோணிதாசன் யேசுதாசன், நாமெல்லாம் ஷோபாசக்தின்னு படிச்சிருக்கோமே அவரு தான், சின்ன வயசுல இயக்கத்துல இருந்து அப்புறம் பிரான்ஸ் போயி அகதியா வாழ்ந்து எழுதினவரு. கூட நடிச்ச காளீஸ்வரி ஸ்ரீனிவாசன் சென்னைல நாடகம் பண்ணிட்டு இருந்தவங்க. அந்த வருஷ ஜூரிக்கு தலைவர் யாரு தெரியுமா, அதே கோயன் சகோதரர்கள், ரெண்டு பேரா சேர்ந்து தலைவரா இருந்தது அதுதான் முதல் தடவ. ஹங்கேரியோட 'சன் ஆஃப் சால்' தான் வாங்கும்னு நிறைய விமர்சகர்கள் எழுதிட்டு இருந்தாங்க, அதுக்கு கிராண்ட் ப்ரீ வந்துச்சு. தீபனுக்கு ஏன் குடுத்தாங்கன்னு அன்னிக்கே சண்டை நடந்துச்சு. எனக்கும் அந்த படத்தோட கடைசி பகுதில உடன்பாடு இல்ல, திடீர்னு வேற படமா மாறிடுது. ஆனா நாங்க நாலு பேர் உக்காந்து பாத்தப்போ, சப்டைட்டில் படிக்காம காதால கேட்டு புரிஞ்சுகிட்ட முதல் பாம் தோர் படம் எங்களுக்கு அதுதான். இத்தன வருஷமா கீழ ஓடற எழுத்த துரத்தியே படம் பாத்தவளுக்கு அன்னிக்கு கண்ண முகத்துலேர்ந்து எடுக்கவே தேவைப்படல. அத எந்த நாட்டு கணக்குல சேர்க்கறதுன்னு எனக்கு தெரியல, என் கணக்குல சேர்த்துகிட்டேன்.

---

வெயில்மரம்:

எல்லாம் சரிதான் ஆனா ஒரு வருத்தம், ஏன் எல்லாரும் கான் கான்னே பேசறோம்? தமிழ்ப் படம் நிஜமாவே ஒரு போட்டில நின்னு முதல் பரிசு வாங்கிருக்கு, இங்க இன்னும் யாரும் அத சொல்லவே இல்ல.

2021 பிப்ரவரி, ரோட்டர்டாம் விழா, டைகர் விருது. பி.எஸ். வினோத்ராஜோட முதல் படம் 'கூழாங்கல்'. கான்ல பாம் தோர் எப்படியோ ரோட்டர்டாம்ல டைகர் அப்படி, வளர்ந்து வர்ற டைரக்டர்களுக்காகவே இருக்கற போட்டி. பரிசுப் பணம் 40,000 யூரோ. கான்ல பாம் தோருக்கு பணமே கிடையாதுங்க, அந்த தங்க ஓலை தான். சின்னப் படம் எடுக்கறவனுக்கு பணத்தோட வர்ற விருது எவ்வளவு பெருசுன்னு குறும்படக்காரன் ப்ரோவுக்கு தெரியும். ஒரு அப்பனும் பையனும் கொளுத்தற வெயில்ல நடக்கறது, அவ்வளவுதான் படம், அத நெதர்லாந்து விழாவோட ஜூரி புரிஞ்சுகிட்டு எடுத்து தூக்கி வச்சிருக்கு. எனக்கு அத நினைச்சா இன்னும் உடம்பு சிலிர்க்குது.

வினோத்ராஜோட அடுத்த படம் 'கொட்டுக்காளி' 2024ல பெர்லின்ல ஃபோரம் செக்‌ஷன்ல போச்சு. உடனே "தங்கக் கரடி கிடைக்கலையே"ன்னு கேட்டாங்க சில பேர். தங்கக் கரடின்றது பெர்லின் போட்டியோட முதல் பரிசு, ஃபோரம்ல அது கிடையாதுங்க! 1970ல பெர்லின்ல ஒரு படத்தால சண்டை வந்து ஜூரியே ராஜினாமா பண்ணி, அந்த வருஷம் போட்டிப் பரிசே குடுக்காம போச்சு. அடுத்த வருஷம், 1971ல ஆரம்பிச்சது தான் ஃபோரம். புதுசா முயற்சி பண்ற படத்துக்கான இடம், போட்டி கிடையாது. அங்க போறதே தனி கௌரவம்.

வெற்றிமாறனோட 'விசாரணை' 2015ல வெனிஸ்ல ஒரிசோந்தின்ற போட்டிப் பிரிவுல இருந்துச்சு. அது வாங்கின விருது அம்னெஸ்டி இன்டர்நேஷனல் இத்தாலி குடுத்தது. இது நடுவரிசை சார் சொன்ன கணக்குல இன்னொரு அடுக்கு, விழாவோட ஜூரி குடுக்கற பரிசு வேற, வெளி அமைப்புங்க அதே விழாவுல தனியா ஜூரி வச்சு குடுக்கற பரிசு வேற. விமர்சகர்கள் கூட்டமைப்பு குடுக்கற ஃபிப்ரெஸ்கி, ஆசியப் படத்துக்கான நெட்பேக் எல்லாம் அந்த வகை. வர்ஷா பரத்தோட 'பேட் கேர்ள்' 2025ல ரோட்டர்டாம்ல டைகர் போட்டில இருந்துச்சு, வாங்கினது நெட்பேக். இத கம்மின்னு நினைக்காதீங்க, வெற்றிமாறன் படத்துக்கு மனித உரிமை அமைப்பு ஒன்னு விருது குடுத்ததுன்னா அந்த படம் என்ன பேசுச்சோ அது போய்ச் சேர வேண்டிய இடத்துல சேர்ந்துடுச்சுன்னு அர்த்தம்.

இன்னொன்னும் சொல்லணும். பாம் தோர்ல எப்பவும் அரசியல் இருக்குன்னு எனக்கு ஒரு உறுத்தல். 2025ல ஈரான் டைரக்டர் ஜாஃபர் பனாஹிக்கு குடுத்தது படத்துக்கா, அவரு பட்ட கஷ்டத்துக்கா?

---

நடுவரிசை:

கூழாங்கல்ல நான் சொல்லாம விட்டது தப்பு தான் வெயில்மரம், ஒத்துக்கறேன். அது முதல் பதிவுலயே வந்திருக்கணும்.

அரசியல் கேள்விக்கு என் கருத்து, கான் விழா பொறந்ததே அரசியல்ல தாங்க. உலகத்துலயே பழைய விழா வெனிஸ், 1932ல ஆரம்பிச்சது. 1938ல அங்க முசோலினி பேர்ல இருந்த கோப்பைய ஹிட்லர் ஆட்சியோட ஒலிம்பிக் படத்துக்கும் ஒரு இத்தாலிய விமானப்படை படத்துக்கும் குடுத்தாங்க. கடுப்பான பிரான்ஸ் "நாங்க தனியா நடத்தறோம்"னு கிளம்பினது தான் கான். 1939 செப்டம்பர்ல தொடங்க இருந்துச்சு, அதே செப்டம்பர்ல போர் வந்துடுச்சு, அதனால தான் முதல் விழா 1946. ஆட்சிக்காரன் சொல்ற படத்துக்கு பரிசு குடுக்கக் கூடாதுன்னு ஆரம்பிச்ச விழால, ஆட்சிக்காரன் தடுத்து வச்ச ஒருத்தர கூப்பிட்டு உக்கார வைக்கறது எனக்கு சரியாத்தான் படுது.

பனாஹிய எடுத்துக்கோங்க. 1995ல 'தி வைட் பலூன்'க்கு கான்ல கேமரா தோர், அது முதல் படம் எடுக்கறவங்களுக்கான பரிசு, எல்லா செக்‌ஷனுக்கும் பொதுவானது. 2000ல 'தி சர்க்கிள்'க்கு வெனிஸோட முதல் பரிசான தங்கச் சிங்கம். இதெல்லாம் அவரு மேல தடை வர்றதுக்கு முன்னாடி. அனுதாபத்துல வாங்கினதுன்னு இத யாராலயும் சொல்ல முடியாது. 2010ல கான் ஜூரிக்கு கூப்பிட்டாங்க, அப்ப அவரு ஈரான்ல சிறைல, ஜூரி வரிசைல அவரு பேர்ல ஒரு காலி நாற்காலி போட்டாங்க. அப்புறம் 20 வருஷம் படம் எடுக்கக் கூடாதுன்னு தீர்ப்பு. தடைக்குள்ளயே ஒளிஞ்சு ஒளிஞ்சு எடுத்தாரு, 2015ல 'டாக்ஸி'க்கு பெர்லின்ல தங்கக் கரடி, நாட்ட விட்டு போக முடியாது, சின்னப் பொண்ணு, அவரோட உறவுக்காரக் குழந்தை தான் மேடைல ஏறி வாங்குச்சு. 2022ல மறுபடி சிறை, உண்ணாவிரதம் இருந்து 2023ல வெளில வந்தாரு. 2025ல 'இட் வாஸ் ஜஸ்ட் அன் ஆக்சிடென்ட்' படத்தோட நேர்லயே வந்து உக்காந்தாரு. படத்துக்கா கஷ்டத்துக்கான்னு பிரிக்கறீங்க, அந்த படமே சிறைல இருந்தவங்க தங்கள சித்திரவதை பண்ணவன்னு நினைக்கற ஒருத்தன பிடிச்சு வச்சுகிட்டு என்ன செய்யறதுன்னு தவிக்கற கதை. இதுல எங்கேர்ந்து எத பிரிப்பீங்க?

ஜூரி தப்பே பண்ணாதுன்னு சொல்லல. நிறைய தடவ பண்ணிருக்கு. ஆனா அரசியல் இருக்குன்றதுக்காக கலை இல்லன்னு ஆகிடாது.

---

வெயில்மரம்:

காலி நாற்காலி விஷயம் எனக்கு தெரியாது சார். படத்த இன்னும் பாக்கல, பாத்துட்டு வந்து பேசறேன்.

---

குறும்படக்காரன்:

மாலைக்காட்சி, லிங்க் கேட்டீங்க, தனிச் செய்தில அனுப்பிருக்கேன். ஒலி கொஞ்சம் மோசமா இருக்கும், ஹெட்போன்ல பாருங்க.

---

மாலைக்காட்சி:

பாத்துட்டேன் ப்ரோ. அந்த பாட்டி கதவ சாத்தற இடம் நல்லா இருந்துச்சு, நிஜமா சொல்றேன். அம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க.

இங்க இவ்வளவு படிச்சதுக்கு அப்புறம் வீட்டுல இருந்த ஒரு பழைய போஸ்டர எடுத்து பாத்தேன், இலைக்கு நடுவுல பொடி எழுத்துல என்ன போட்டிருக்குன்னு முதல் தடவையா படிச்சேன், "மார்க்கெட் ஸ்கிரீனிங்"னு போட்டிருக்கு. இத்தன நாள் கண்ணுல படவே இல்ல.

கடைசியா ஒன்னு, அந்த 1994 'ஸ்வாஹம்' பத்தி யாராவது சொல்லுங்க. 30 வருஷம்னு எல்லாரும் எழுதினாங்க, அந்த 30 வருஷம் எங்கேர்ந்து ஆரம்பிக்குதோ அந்த படத்த பத்தி யாருமே எழுதல.

---

சப்டைட்டில் ரசிகை:

அதுக்கு நான் சொல்றேன். ஷாஜி என். கருண் முதல்ல மலையாள டைரக்டர் அரவிந்தன் படங்களுக்கு கேமராமேன். டைரக்டரா முதல் படம் 'பிறவி', 1989ல கான்ல கேமரா தோர் பிரிவுல சிறப்புப் பாராட்டு வாங்குச்சு. அடுத்தது 'ஸ்வாஹம்', அதுதான் போட்டில, பாம் தோர் அந்த வருஷம் 'பல்ப் ஃபிக்‌ஷன்'க்கு போச்சு. மூணாவது 'வானப்பிரஸ்தம்', 1999ல அன் செர்தெய்ன் ரிகார். முதல் மூணு படமும் கான். அதே 1999ல அதே செக்‌ஷன்ல இருந்த முரளி நாயரோட 'மரண சிம்ஹாசனம்' கேமரா தோரே வாங்கிடுச்சு, மலையாளத்துக்கு அப்படி ஒரு வருஷம் அது.

ஷாஜி 2025 ஏப்ரல்ல காலமாயிட்டாரு. பாயல் படம் பெரும்பாலும் மலையாளத்துல பேசி போட்டிக்குள்ள போனத அவரு பாத்துட்டு தான் போனாரு.

எதுலேர்ந்து ஆரம்பிக்கறதுன்னு கேட்டா 'பிறவி'. காலேஜ் போன பையன் வீட்டுக்கு வரல, வயசான அப்பா தினமும் பஸ் வர்ற இடத்துக்கு போயி நிக்கறாரு. மழை பேஞ்சுகிட்டே இருக்கும். ராத்திரி பாருங்க, போன தள்ளி வச்சுட்டு.